குழியில் போட்ட வாரம்

வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைப் பிளேடால் அறுத்தெடுத்து, வாரம் வாரமாக அடுக்கி, கோணி ஊசியால் தைத்துப் புத்தகமாக்கியவர்கள் உங்களில் எத்தனை பேர்? என் வயதுக்காரர்களாக இருந்தால் பாதிப்பேர் கை தூக்குவீர்கள். ஒரு வாரம் விட்டுப்போனால் அக்கம்பக்கத்து ஊரில் எல்லாம் விசாரித்திருப்பீர்கள். கிடைக்காவிட்டால் அந்த இடம் பல் விழுந்த வாய் போல அப்படியே இருக்கும். அப்படி ஓர் ஓட்டையைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன். அது தானாக விழுந்த ஓட்டை இல்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கல் லாரி ஓட்டிப் பிழைத்தேன். லோடுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் கையில் கிடைத்ததை எல்லாம் படித்ததால் எழுத்துக் கூட்ட வருகிறது. நாலு பேர் முன்னால் பேசு என்றால் இன்றைக்கும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன்.

கதையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்கள் வீட்டில் அதைக் கடல் கதை என்றுதான் சொல்வோம். இன்று அதைத் தமிழ் விஞ்ஞானக் கதைகளில் முதல் வரிசையில் வைத்துப் பேசுகிறார்கள். இன்னும் சில நூறு வருஷம் கழித்து நடக்கிற கதை. ஒரு காலத்தில் விலகிப்போன கடல் திரும்பி உள்நாட்டுக்கு வருகிறது. சுண்ணாம்புக்கல் வெட்டிய பெரிய பெரிய குழிகளில் உப்புத் தண்ணீர் ஊறுகிறது. நத்தை மாதிரிச் சுருண்ட ஒரு கல்லைக் கண்டெடுக்கும் பையன், கடல் வருகிறது என்று எல்லோருக்கும் முன்னால் சொல்கிறான். முதலில் யாரும் நம்புவதில்லை. கதை நடக்கும் இடத்துக்கு ஆசிரியர் என்னவோ பெயர் வைத்திருந்தார். ஆனால் அது அரியலூருக்குப் பக்கத்தில், ரெட்டிபாளையம் போகிற வழியில் இருக்கும் எங்கள் ஊர்தான். நாங்கள் ஆடு மேய்த்த ஓடை அதில் இருக்கிறது. அப்பா கல் உடைத்த குழி இருக்கிறது. ரைஸ் மில்லின் தகரக் கூரையில் மழை விழும் சத்தம்கூட இருக்கிறது.

அதை எழுதியவர் எங்கள் ஊரில் நாலு மாதம் தங்கியிருந்தார். பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஆராய வந்த உத்தியோகஸ்தர். மில்லை ஒட்டிய அறையில் குடியிருந்தார். காக்கிப் பை, சின்னச் சுத்தியல், கைப்பிடி கறுப்பான ஒரு பூதக்கண்ணாடி. ஓடைக்கரையில் கல்லைத் தட்டி எடுத்து, பழைய பேப்பரில் சுற்றி, மேலே நம்பர் எழுதுவார். நாங்கள் அவரைக் கல் சார் என்போம். ஊர்ப் பெரியவர்கள் அவர் புதையல் தேடுகிறார் என்று தங்களுக்குள் முடிவு செய்திருந்தார்கள்.

ஐப்பசி மழை விட்ட ஒரு நாள் ஓடைக்கரை சரிந்திருந்தது. ஆட்டுக்குட்டி ஒன்று சேற்றில் இறங்கிவிட்டது என்று நானும் இறங்கினேன். காலில் தட்டுப்பட்டதுதான் அந்தக் கல். என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. நத்தை மாதிரிச் சுருள் சுருளாக, விளிம்பில் வரி வரியாக. கழுவினால் பழுப்பாக மின்னியது. மூன்று நாள் டவுசர் பாக்கெட்டிலேயே வைத்திருந்தேன். பாக்கெட் கிழிந்து அம்மாவிடம் அடி வாங்கினேன். தம்பிக்கு மட்டும் காட்டினேன்.

தம்பி எனக்கு ஒரு வயது இளையவன். எனக்கு அம்மை போட்டு ஒரு வருஷம் போனதால் இருவரும் ஐந்தாம் வகுப்பில் ஒரே பலகையில் உட்கார்ந்திருந்தோம். அவனுக்கு முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அந்த ஓட்டை வழியாகக் காற்று வர வர ஓயாமல் பேசுவான். நான் பேச வேண்டியதையும் அவனே பேசிவிடுவான். அதில் எனக்குச் சௌகரியமும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"சார்கிட்ட கொண்டு போயிக் குடுண்ணே. பாத்தாருன்னா அசந்துருவாரு" என்றான்.

போனோம். கல் சார் அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் என் காது சுட்டது. கல்லைத் தம்பி கையில் திணித்தேன். "நீ குடு" என்றேன்.

அவர் கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார். "அடேயப்பா! இவ்வளவு முழுசா நான் ஒண்ணுகூட எடுக்கலையே. யாருடா கண்டுபிடிச்சது?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு தம்பி, "நாந்தான் சார்" என்றான்.

நியாயமாகச் சொன்னால் அவன் எனக்குக் கொடுக்க வேண்டிய நேரத்தைக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னான். இந்த நியாயம் எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரிந்தது, சார் அவன் தோளைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டதுதான். பூதக்கண்ணாடியை அவன் கண்ணில் வைத்து, "இது கல் இல்லடா, கடல்ல நீந்தின பிராணி. நீ நிக்கிற இடம் கடல்" என்றார். தம்பி குனிந்து தன் காலடியைப் பார்த்தான். நானும் பார்த்தேன். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

தை மாதம் அவர் மாற்றலாகிப் போனார். போகும்போது அந்தப் பூதக்கண்ணாடியைத் தம்பிக்கே கொடுத்துவிட்டார். அவன் எறும்பைப் பார்ப்பான், வெங்காயத்தோலைப் பார்ப்பான், "நீயும் பாருண்ணே" என்று நீட்டுவான். நான் வாங்கவே இல்லை. அவன் தூங்கும்போது எடுத்து என் கட்டைவிரலைப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன்.

மாசியில் தொடர்கதை ஆரம்பித்தது. வேறு ஏதோ பெயரில் எழுதியிருந்ததால் முதல் இரண்டு வாரம் யாருக்கும் தெரியவில்லை. மில்லுக்கார அம்மாதான் கண்டுபிடித்தார். பத்திரிகை வாங்குகிறவர் ஊரில் அவர் ஒருத்தர்தான். தவிடு வாங்கப் போன என்னிடம், "டேய், இது நம்ம கல் சாரு எழுதுனதுடா. நம்ம மில்லு வருது. பல்லு இல்லாத பய ஒருத்தன் வரான், ஒன் தம்பியேதான்" என்று மூன்று வாரத்துப் புத்தகத்தையும் கொடுத்தார். அதிலிருந்து புதன்கிழமை தோறும் அவர் படித்து முடித்ததை வாங்கி வருவது என் வேலையானது. தம்பி அட்டையைப் பிரித்து, பிளேடை வைத்து, கதைப் பக்கங்களை மட்டும் ஓரம் கிழியாமல் அறுப்பான். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் சின்ன அலை ஒன்று வரைந்திருக்கும். புது மையின் வாசனை தவிட்டு வாசனையோடு கலந்து வரும்.

சனிக்கிழமை கல்லுக்குழிக்கு அப்பாவுக்குச் சோறு கொண்டு போகும்போது அந்தப் பக்கங்களும் போகும். பகல் வெடி போட்டுப் புகை அடங்கியதும் எல்லோரும் வேலமரத்தடிக்கு வருவார்கள். கல் தூசியில் புருவமெல்லாம் வெள்ளையாக, தாடியெல்லாம் வெள்ளையாக. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. தம்பி கவிழ்த்துப் போட்ட கூடை மேல் ஏறி நின்று உரக்கப் படிப்பான். சோளச்சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பார்கள்.

"ஏன்டா சின்னவனே, கடலு வந்துட்டா நம்ம குழியெல்லாம் என்னாவுறது?" என்பார் வெடி வைக்கிறவர்.

"மீனு வளக்கலாம் மாமா."

"அப்ப ஒங்கப்பன் சுத்தியல வச்சா மீனு புடிப்பான்?"

"அவன் அடிச்சா மீனு கருவாடாத்தான் வரும்" என்பார் கல் பொறுக்கும் அக்கா. அப்பா வெட்கப்பட்டுச் சிரிப்பார். அவர் அப்படிச் சிரித்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தம்பியைக் காட்டி, "கத எழுதுற சாரே இவனப் பாத்துத்தான் எழுதுனாரு. அந்தக் கல்லக் கண்டுபுடிச்சது இவன்தான்" என்பார். வாரா வாரம் சொல்வார். நான் தூக்குச்சட்டி மூடியை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பேன். தேய்த்துத் தேய்த்து அந்த மூடி கண்ணாடி போல ஆகிவிட்டது.

அந்த வைகாசியில் எங்கள் வீட்டில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஆறாம் வகுப்புக்கு அரியலூர் போக வேண்டும். இருவரும் போனால் ஆட்டை யார் பார்ப்பது, உடம்பு முடியாத அம்மாவுக்கு யார் தண்ணீர் தூக்குவது? ஒருவன்தான் போக முடியும். வாத்தியார் வீட்டுக்கே வந்து, "ரெண்டு பேரும் ஒரே மாதிரி மார்க்குதான். நீதான் முடிவு பண்ணணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூத்தவன் நான்தானே, அப்பா என்னைத்தான் அனுப்புவார் என்று நினைத்தேன். அம்மாவும் ஒருநாள் அப்படித்தான் சொன்னாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

பதினாலாவது வாரம் கதை ஓர் இடத்தில் வந்து நின்றது. கடல் வருகிறது என்று பயந்த ஊர், கிணற்றடியில் பஞ்சாயத்துக் கூட்டுகிறது. பையன் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். தலைவர் கேட்கிறார்: 'உண்மையைச் சொல். இதை நீதான் கண்டெடுத்தாயா?' அத்தோடு தொடரும். அந்த வாரம் தம்பிக்கு வழக்கமான குரல் வரவில்லை. கடைசி வரியை வாய்க்குள்ளேயே படித்துவிட்டுக் கூடையிலிருந்து இறங்கிவிட்டான். "என்னடா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று அப்பா தண்ணீர் கொடுத்தார். நானும் தொண்டைதான் என்று நினைத்தேன்.

அடுத்த புதன்கிழமை மில்லுக்கார அம்மா புத்தகத்தை விரித்தபடியே கொடுத்தார். "பாருடா, இந்த வாரம் முழுப் பக்கத்துக்கு ஒன் தம்பி படம். ஒங்க வூட்டுக் கததான் போ!"

பார்த்தேன். பஞ்சாயத்துக் கூட்டம் முழுக்க ஒரு பையனையே பார்த்துக்கொண்டிருந்தது. அதே ஓட்டைப் பல். அதே தூக்கிய தாடை. பின்னால் இருட்டாக என்னவோ கோடு. எழுத்தைப் படிக்கவில்லை. படிக்கப் பிடிக்கவில்லை. என் கல், என் ஓடை, என் ஆட்டுக்குட்டி இறங்கிய சேறு, எல்லாம் அவன் பேரில் அச்சாகி மெட்ராஸ் வரைக்கும் போய்விட்டது. சனிக்கிழமை இதையும் அவன் கூடை மேல் நின்று படிப்பான். அப்பா இதற்கும் சிரிப்பார்.

வீட்டுக்கு வரும் வழியில் வேலை நிறுத்திவிட்ட பழைய கல்லுக்குழி ஒன்று உண்டு. பச்சைத் தண்ணீர், ஆழம் யாருக்கும் தெரியாது. புத்தகத்துக்குள் ஒரு கல்லை வைத்து, தவிட்டுச் சாக்கின் சணலை உருவிக் கட்டி, உள்ளே போட்டேன். குமிழி வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. தவிட்டைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனேன்.

"இந்த வாரம் பொஸ்தகம் வரலையாம்" என்றேன். எனக்கு வந்த முதல் பெரிய பொய். நாக்கு ஒட்டவே இல்லை.

தம்பி அழுவான் என்று காத்திருந்தேன். அவன் என்னையே கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "சரிண்ணே" என்றான். ஆட்டுக்குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். மில்லுக்கார அம்மா எங்கள் தெருப்பக்கம் வருகிறவர் இல்லை. யாருக்கும் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் திறக்க நாலு நாள் இருக்கும்போது அப்பா எங்களை நிற்க வைத்துச் சொன்னார். "சின்னவன் போவட்டும். ஒரு கல்லப் பாத்து, இதுல ஏதோ இருக்குன்னு கொண்டு போயிக் குடுத்தான் பாரு, அந்தக் கண்ணு எல்லாருக்கும் வராது. பெரியவன் வாயத் தொறக்க மாட்டான். டவுன் பள்ளிக்கூடத்துல போயி என்ன பண்ணுவான்?" என்னைப் பார்த்து, "என்னடா, சரிதானே?" என்றார். நான் தலையாட்டினேன். தம்பி, "அப்பா..." என்றான். "என்னடா?" என்றார். "ஒண்ணுமில்லப்பா" என்றான்.

அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கணக்கு சரியான கணக்கு. ஆளைத்தான் மாற்றிப் போட்டுவிட்டார்.

அதன்பிறகு அந்தக் கதைக்கு நடந்ததைச் சொல்கிறேன். தொடர் முடிந்ததும் தம்பி எல்லாப் பக்கத்தையும் மைதாப் பசையும் சணலும் போட்டுத் தைத்து, காலண்டர் அட்டை ஒட்டினான். கொஞ்ச வருஷத்தில் அந்தப் பத்திரிகை நின்றுபோனது. கல் சாரும் போய்ச் சேர்ந்தார். அவர் வீட்டில் பிரதி எதுவும் இல்லையாம். தம்பி திருச்சியில் காலேஜ் படிக்கும்போது மாத நாவல் போடுகிற ஒருவர் தேடி வந்து அவனுடைய தைத்த புத்தகத்தை வாங்கிப்போய் அச்சடித்தார். பஸ் ஸ்டாண்டில் தொங்கும் சின்னப் புத்தகம், சாணித்தாள். ஒரு வாரம் இல்லை என்று தம்பி சொல்லியும், "யாரு கவனிக்கப் போறா தம்பி" என்று விட்டுவிட்டாராம். அதைப் பார்த்துப் பிறகு கெட்டி அட்டையில் ஒருவர் போட்டார். அதைப் பார்த்து இன்னொருவர். எல்லாவற்றிலும் தலைவர் கேள்வி கேட்கிறார். அடுத்த பக்கத்தில் பையன் ஏதோ ஓர் இயந்திரத்துக்குள் உட்கார்ந்து கடலுக்கடியில் போய்க்கொண்டிருக்கிறான். நடுவில் ஒன்றும் கிடையாது.

இதைத்தான் படித்த பெரியவர்கள் பிடித்துக்கொண்டார்கள். திருச்சியில் நடந்த கூட்டம் ஒன்றுக்குத் தம்பி என்னை அழைத்துப் போனான். காலேஜ் வாத்தியாராகிவிட்டான். மேடையில் அவனை 'அந்தக் கதையின் சிறுவன்' என்று அறிமுகம் செய்து பொன்னாடை போட்டார்கள். நான் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். பிறகு கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்து, பையன் என்ன பதில் சொன்னான் என்பதை எழுதாமல் விட்டதில்தான் இந்த நாவலின் மேதைமையே இருக்கிறது, அந்த மௌனத்தை எழுத ஒரு பெரிய கலைஞனால்தான் முடியும் என்று அரைமணி நேரம் பேசினார். கூட்டம் கைதட்டியது.

நானும் தட்டினேன். எல்லோரையும் விடக் கொஞ்சம் அதிக நேரம் தட்டினேன். அந்த மௌனம் நான் எழுதியது. முழுப் புத்தகத்திலும் என்னுடையது என்று இருந்தது அது ஒன்றுதான். அன்றிலிருந்து புதுப் பதிப்பு எது வந்தாலும் கடையில் எடுத்து அந்த இடத்தைப் பார்ப்பேன். இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒன்றுமில்லாத இடம் அப்படியே இருக்கும். வைத்துவிட்டு வருவேன்.

போன வருஷம் தம்பி போன் செய்தான். "அண்ணே, அந்த வாரம் கெடச்சிருச்சுண்ணே! வரதராஜன்பேட்டையில ரிட்டயர்டு நர்ஸம்மா ஒருத்தங்க தச்சு வச்சிருக்காங்களாம். அடுத்த பதிப்புல சேக்கப் போறாங்க. நீ வா, சேந்து போவோம்."

அந்த முகம் தெரியாத நர்ஸம்மா மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்ல? என்னிடமிருந்த அந்த ஒன்றையும் பிடுங்க வந்துவிட்டார். ஆனாலும் போனேன்.

நல்ல மனுஷி. காப்பி கொடுத்தார். பழைய சேலைக் கரை ஒட்டிய கெட்டிப் புத்தகத்தைக் கொண்டுவந்து தம்பி கையில் கொடுத்தார். அவன் பக்கத்தைப் புரட்டி, அந்த இடத்தை எடுத்து என்னிடம் நீட்டினான். "நீ படிண்ணே."

"கண்ணாடி எடுத்துட்டு வரல. நீயே படி." கண்ணாடி என் சட்டைப் பையில்தான் இருந்தது.

அவன் படித்தான். அறுபதை நெருங்குகிறவன், கூடை மேல் நின்ற அதே ராகத்தில். தலைவர் கேட்கிறார். பையன் சுற்றிப் பார்க்கிறான். 'இதை நான் கண்டெடுக்கவில்லை. என் அண்ணன் கண்டெடுத்தான். அவன் பேச மாட்டான்' என்கிறான். உண்மை பேசுகிற பிள்ளை உள்ள ஊரைக் கடல் ஒன்றும் செய்யாது என்று தலைவர் அவனைத் தூக்கிக்கொள்கிறார். கடலுக்கடியில் போகும் இயந்திரத்தில் முதல் இடம் அவனுக்கே என்று எல்லோரும் சத்தம் போடுகிறார்கள். அண்ணனுக்கு ஒரே ஒரு வரி. 'பின்னால் நின்றவன் தலையைக் குனிந்துகொண்டான்.'

தம்பி புத்தகத்தை விரித்தபடியே மடியில் வைத்தான். "சாரு ஊர விட்டுப் போன அன்னிக்கே அவர்கிட்ட சொல்லிட்டேண்ணே. எழுதிருவாருன்னு தெரியும். பதினாலாவது வாரம் படிக்கிறப்பவே அடுத்தது இதுதான்னு புரிஞ்சிருச்சு. அடுத்த வாரம் வரலன்னு நீ சொன்னியே, தப்பிச்சோம்டான்னு இருந்துச்சு. வந்திருந்தா அப்பா முன்னாடி நாந்தான படிக்கணும்?" முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வந்திருந்தா நீ அரியலூரு போயிப் படிச்சிருப்பண்ணே."

நர்ஸம்மா கண்ணைத் துடைத்தார். "என்னா பிள்ள சார் நீங்க! இந்தக் காலத்துல யாரு இப்படி ஒத்துக்குவாங்க?" என்று தம்பியைப் பார்த்துச் சொன்னார். பிறகுதான் என் பக்கம் திரும்பி, "அந்த அண்ணன் நீங்களாங்க?" என்றார்.

நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் இருட்டாகக் கிடந்த கோடுகள் ஓர் ஆள். இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் தெரிகிறது. முகம் இல்லை.

இங்கேதான் உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு வந்தது துக்கம் இல்லை. கல்லைக் கண்டெடுத்த பெருமையும் அவனுக்கு, அது தன்னுடையது இல்லை என்று சொன்ன பெருமையும் அவனுக்கே. இதிலும் நான் வாயைத் திறக்கவில்லை, அதையும் அச்சில் போட்டுவிட்டார்கள் என்ற எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சலில்தான் நாக்கு கழன்றது.

"அந்த வாரம் வந்துச்சுடா" என்றேன். "நாந்தான் பழைய கல்லுக்குழியில போட்டேன். படிக்காமயே போட்டேன்."

நர்ஸம்மா காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். தம்பி வெகுநேரம் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்து நான் அன்றுதான் பார்த்தேன். பிறகு மெதுவாக, "புதுப் பதிப்புக்கு முன்னுரை என்னைத்தான் கேட்டிருக்காங்க. இதையும் எழுதட்டுமாண்ணே?" என்றான்.

"எழுதாத" என்றேன்.

"ஏண்ணே?"

பதில் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் பேத்தியின் நோட்டில் எழுதாத பக்கங்களாகப் பார்த்துக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் எழுதினால் நன்றாக எழுதுவான். கைதட்டுவார்கள். அதனால்தான், அவன் ஆரம்பிப்பதற்கு முன்னால், இதை நான் எழுதிவிட்டேன்.